வைக்கோல் வகுத்த முற்றம்

எடின்பரோவிலிருந்து கிழக்கே போகும் ரயிலில் இடப்பக்கம் கடல் வரும், வலப்பக்கம் பண்ணைகள் வரும். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். கிழக்கு லோதியன் ஸ்காட்லாந்தின் செழிப்பான மண் உள்ள மாவட்டங்களில் ஒன்று. கோதுமை, பார்லி, உருளைக்கிழங்கு என்று மாறி மாறி ஓடும் வயல்களுக்கு நடுவே, சிவந்த ஓடு வேய்ந்த நீளக் கூரைகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சில கூட்டங்களின் நடுவே உயரமான புகைபோக்கி ஒன்றும் எழும்பியிருக்கிறது. பஞ்சாலைக்கு உரிய புகைபோக்கிக்கு வயல்வெளியில் என்ன வேலை? ரொம்ப நாளாக மனதில் கிடந்த அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது.

அந்தக் கட்டடத் தொகுதியை அங்கே ஸ்டெடிங் என்பார்கள். மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், கதிரடிப்புக் கூடம், வைக்கோல் கூடம், தானிய மாடி, வண்டிக் கொட்டகை அத்தனையும் ஒரு முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும். பண்ணைக்காரரின் வீடு அதோடு சேராமல், கொஞ்சம் தள்ளி, தெற்கே பார்த்து நிற்கும். ஸ்காட்லாந்துக்கு வருகிறவர்கள் கோட்டைகளையும் ஏரிகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்டில் மிகுந்த யோசனையோடு கட்டப்பட்டவை இந்தத் தொழுவங்கள்தான். கோட்டைச் சுவர் எதிரிக்காகவும் கௌரவத்துக்காகவும் எழும்பியது. ஸ்டெடிங்கில் ஒரு துவாரம்கூடக் காரணம் இல்லாமல் இல்லை.

ஈஸ்ட் லிண்டனில் இறங்கினேன். 1964இல் மூடப்பட்ட இந்த ஊரின் ரயில் நிலையம் 2023 டிசம்பரில்தான் மறுபடி திறந்தது. ஊருக்கு வெளியே, டைன் ஆற்றை ஒட்டி, பிரெஸ்டன்கர்க் தேவாலயம். அதன் கல்லறைத் தோட்டத்தில் ஆண்ட்ரூ மீக்கிள் கிடக்கிறார். 1719இல் பிறந்து 1811இல் இறந்த ஆலைக் கைவினைஞர். பக்கத்திலேயே ஹூஸ்டன் மில் என்ற இடத்தில் பட்டறை வைத்திருந்தார். கதிரடிக்கும் இயந்திரத்தை வேலைக்கு ஆகிற மாதிரி முதலில் செய்து காட்டியவர் அவர்தான். 1788இல் காப்புரிமை வாங்கினார்.

அதற்கு முன்னால் இந்த ஊரில் கதிரடிப்பு என்றால் குளிர்காலம் முழுக்க நீளும் வேலை. இரட்டைக் கழியைத் தோலால் கோத்து, தலைக்குமேல் சுழற்றித் தரையில் அடிப்பார்கள். நாள் முழுக்க அடித்தாலும் குவியல் சிறியதாகவே இருக்கும். அந்தக் காலத்துக் கூடங்களில் எதிரெதிராக இரண்டு கதவுகள் இருக்கும். இரண்டையும் திறந்துவிட்டால் ஊடே காற்று ஓடும். அந்தக் காற்றில் தூற்றினால் பதர் பறந்துவிடும். மீக்கிளின் தகப்பனார் ஜேம்ஸ் மீக்கிளை 1710இல் சால்டூன் ஜமீன்தார் ஆண்ட்ரூ ஃபிளெட்சர் ஹாலந்துக்கு அனுப்பி, பார்லி தீட்டும் ஆலையின் நுணுக்கத்தைக் கற்றுவரச் செய்தார். தகப்பன் கொண்டுவந்த ஆலை அறிவு மகன் கையில் வேறொன்றாக வளர்ந்தது. அடிக்கும் சட்டங்கள் பதித்த உருளை வேகமாகச் சுழலும், கதிர் அதில் ஊட்டப்படும், மணி உதிரும், வைக்கோல் மறுபக்கம் வெளியேறும். மீக்கிளுக்கு அதனால் பெரிய பணம் ஒன்றும் வரவில்லை. 1809இல் விவசாயச் சீர்திருத்தக்காரர் சர் ஜான் சின்க்ளேர் சந்தா திரட்டி, தொண்ணூறு வயதுக் கிழவருக்கு 1500 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தேவாலயத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பிரெஸ்டன் மில். ஓட்டுக் கூம்புத் தலையோடு தானியம் உலர்த்தும் சூளை, பக்கத்தில் நீர்ச்சக்கரம். படங்களில் எல்லாரும் பார்த்த இடம் என்பதால் நான் நீட்டப் போவதில்லை. ஆற்றைக் கடந்து வயல் ஓரமாக நடந்தால் ஃபான்டாசி புறாக்கூடு வரும். மண்குடம்போல வயிறு பெருத்த கல் கட்டடம். கூரை தெற்கு வெயிலுக்குச் சாய்ந்திருக்க, மற்ற மூன்று பக்கமும் சுவர் குதிரைலாடம்போல உயர்ந்து குளிர்காற்றை மறிக்கிறது. உள்ளே சுவர் முழுக்க 500க்கும் மேற்பட்ட கல் மாடங்கள். குளிர்காலத்தில் புதுக்கறி வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் புறா தின்றது யார் வயலில்? குடியானவன் வயலில்தான். இப்படிக் கூடு கட்டும் உரிமையை நிறைய வருமானமுள்ள நிலக்காரர்களுக்கு மட்டும் என்று 1617ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இதே ஃபான்டாசியில்தான் 1761இல் ஜான் ரென்னி பிறந்தார். மீக்கிளின் பட்டறையில் சுற்றித் திரிந்த பையன், பிற்பாடு லண்டனில் வாட்டர்லூ பாலத்தை வடிவமைத்தார். அந்தப் பழைய பாலத்தைப் பிரித்தபோது கிடைத்த கைப்பிடித் தூண் ஒன்றை இங்கே அவர் நினைவாக நட்டிருக்கிறார்கள்.

நான் உண்மையில் தேடிவந்தது தெற்கே, டிராப்ரெய்ன் குன்றைத் தாண்டி இருக்கும் ஒரு பண்ணையை. தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கியிருந்தேன். எழுபது தாண்டிய பண்ணைக்காரர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றார். செப்டம்பர் கடைசி, அறுவடை முடிந்து அவருக்குக் கொஞ்சம் ஓய்வு.

"எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றார்.

"வைக்கோல் எங்கிருந்து வருமோ அங்கிருந்து" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஹென்றி ஸ்டீஃபன்ஸ் என்ற பண்ணையாளர் 1840களில் பண்ணைத் தொழில் பற்றி எழுதிய பெரிய நூல் ஸ்காட்லாந்தில் பல தலைமுறை பண்ணைக்காரர்களுக்கு வேதம் மாதிரி இருந்தது. ஸ்டெடிங்கை எப்படி அமைப்பது என்பதற்கு அவர் சொன்ன அடிப்படை எளிமையானது. பண்ணையில் மிக அதிகமாக இடம் அடைப்பதும், தினமும் எல்லா இடத்துக்கும் தூக்கிச் செல்லவேண்டியதும் வைக்கோல். குதிரைக்கும் வேண்டும், மாட்டுக்கும் வேண்டும், பன்றிக்கும் வேண்டும். ஆகவே வைக்கோல் கூடத்தை நடுவில் வை. வைக்கோல் தேவைப்படும் மற்றதை எல்லாம் அதைச் சுற்றி வை. மனிதன் தினமும் சுமக்கும் தூரம் குறையவேண்டும் என்ற ஒரே கணக்கிலிருந்து முழு வரைபடமும் பிறந்திருக்கிறது.

இந்தப் பண்ணையிலும் அப்படித்தான். வடக்குச் சிறகுதான் உயரமானது, அங்கேதான் கதிரடிப்புக் கூடம். அதற்கு வெளியே, போர் போடும் மேட்டைப் பார்த்தபடி, சுவரோடு ஒட்டி எண்கோணமாக ஒரு மண்டபம். கல் தூண்கள், மேலே கூம்புக் கூரை, சுற்றுச்சுவர் கிடையாது. நம் ஊர்ச் செக்கைச் சுற்றிய மாடுகளைப்போல இங்கே நான்கு, ஆறு குதிரைகள் வட்டமடித்தன. தலைக்குமேல் படுத்திருந்த பெரிய மரச் சக்கரம் சுழல, அதன் அச்சு சுவர்த் துவாரம் வழியாக உள்ளே போய் மீக்கிள் வடிவமைத்த இயந்திரத்தை ஓட்டியது. சக்கரம் போய்விட்டது. அச்சு நுழைந்த சதுரத் துவாரம் மட்டும், ஓரக்கல்லில் கறுத்த எண்ணெய்க் கறையோடு அப்படியே இருக்கிறது. குதிரைகளுக்கு அடுத்து நீராவி வந்தது. டிரனன்ட் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்கள் இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருந்ததால் கரி சுலபமாகக் கிடைத்தது. இங்கத்திய பண்ணைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ரயிலில் பார்த்த புகைபோக்கியின் கதை அதுதான்.

கூடத்தின் ஒரு கோடியில் கதிர் நுழைகிறது, நடுவில் இயந்திரம், மறுகோடியில் வைக்கோல் விழுகிறது. வைக்கோல் கூடத்தின் தெற்குக் கதவுகளைத் திறந்தால் நேரே மாட்டு முற்றங்கள். கல் சுவர் சூழ்ந்த அந்த முற்றங்களில் குளிர்காலம் முழுக்க மாடுகளைக் கட்டாமல் விட்டு, டர்னிப் கிழங்கு போட்டுக் கொழுக்க வைத்தார்கள். வைக்கோலை மேலே மேலே பரப்ப, அது சாணத்தோடு மிதிபட்டு எருவாக உயர்ந்துகொண்டே போகும். வசந்தத்தில் அந்த எரு டர்னிப் வயலுக்குப் போகும், டர்னிப் மறுபடி மாட்டுக்கு வரும், மாடு மிதித்த வைக்கோல் மறுபடி எருவாகும். முற்றம் திறந்திருப்பது தெற்கே. வடக்கே உயர்ந்த கூடம் காற்றை மறிக்கும். மழை எருவின் சத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று கண்டதும், பிற்காலத்தில் பல பண்ணைகளில் முற்றங்களுக்கே கூரை போட்டார்கள். இங்கேயும் ஒன்றுக்குப் போட்டிருக்கிறார்கள்.

கிழக்குச் சிறகில் வண்டிக் கொட்டகை. முற்றத்தைப் பார்த்து வரிசையாக வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி நுழையும் அகலம். அதன் மேல்மாடிதான் தானியக் களஞ்சியம். தானியத்தை ஏன் தொழுவத்துக்கு மேலே வைக்காமல் வண்டிகளுக்கு மேலே வைத்தார்கள்? மாடுகளின் மூச்சும் சிறுநீர் ஆவியும் மேலே ஏறினால் தானியம் கெடும். வண்டிக்கு மூச்சு இல்லை. வளைவு வழியாகக் காற்று எப்போதும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். தரை ஈரம் எட்டாது. மூட்டையை இறக்கினால் கீழே வண்டி தயாராக நிற்கும். வெளிப்புறக் கல் படிக்கட்டில் ஏறினேன். படிகளின் நடுப்பகுதி மூட்டை சுமந்தவர்களின் காலடியில் குழிந்திருக்கிறது. உள்ளே சுண்ணாம்பு பூசிய சுவரில் பென்சில் கோடுகள்: நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று, மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. மூட்டைக் கணக்கு. கோடு போட்டவரின் கை உயரம்கூடத் தெரிகிறது. என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. முக்கோணச் சுவரின் உச்சியில் ஒரு சின்ன வட்டத் துவாரம் இருந்தது. எலி பிடிக்க ஆந்தை வந்துபோவதற்காக என்றார் பண்ணைக்காரர்.

கீழே இறங்கியதும் முற்றத்து நுழைவாயிலின் மூலையில் நிறுத்தி, "இங்கே கையை வையுங்கள்" என்றார். சுவர் மூலை தரையிலிருந்து என் நெஞ்சு உயரம்வரை உருட்டிச் செதுக்கப்பட்டிருந்தது. அதற்குமேல் படிப்படியாக வெளியே தள்ளி, மறுபடி கூர்மையான மூலையாக மாறிக் கூரையைத் தொடுகிறது. வண்டி திரும்பும்போது சக்கரம் கல்லில் இடிக்கக்கூடாது, மாட்டின் விலா உரசிக் காயப்படக்கூடாது. கூரைக்கு நேர்மூலை தேவை, அதனால் மேலே சதுரம். இரண்டு தேவைக்கும் ஒரே கல்லில் பதில் சொன்ன அந்தக் கொத்தனாரின் பெயர் யாருக்கும் தெரியாது. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லாயத்தில் பன்னிரண்டு தடுப்புகள். ஒரு உழவனுக்கு இரண்டு குதிரை, ஒரு ஜோடிக்குச் சுமார் 50 ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. ஆறு ஜோடி என்றால் 300 ஏக்கர். தடுப்பை எண்ணினாலே நிலத்தின் அளவைச் சொல்லிவிடலாம் என்று அவர் சொன்னபோது, பத்திரத்தைவிடக் கட்டடம் நேர்மையாகப் பேசுகிறது என்று பட்டது.

சுவர்கள் எல்லாம் உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும். கதவு, ஜன்னல் ஓரங்களில் மட்டும் செதுக்கிய மணற்கல்; கார்வல்ட் பக்கத்தில் கிடைக்கும் சிவப்பு வகை, மழையில் நனைந்தால் ஈரல் நிறம் காட்டுகிறது. தொழுவச் சுவரில் இடைவிட்டு இடைவிட்டு ஒடுங்கிய பிளவுகள். வெளியே நான்கு விரல் அகலம், உள்ளே விரிந்து ஒரு முழம். மழை நுழையாது, காற்று நுழையும், வெளிச்சமும் கொஞ்சம் பரவும். கூரைக்கு வளைந்த களிமண் ஓடு. ஆரம்பத்தில் ஹாலந்துப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த இந்த ஓடு, பிறகு ஃபோர்த் வளைகுடாவின் இரு கரையிலும் சூளை வைத்துச் சுடப்பட்டது. ஓட்டுக்கு ஓடு இடைவெளி இருப்பதால் கூரையே மூச்சு விடும். தொழுவத்தின் வெப்ப ஆவி வெளியேறிவிடும். கூரையின் கீழ் விளிம்பில் மட்டும் ஓட்டுக்குப் பதில் இரண்டு மூன்று வரிசை சிலேட்டுப் பலகை. சரிவு அங்கே குறைகிறது, தண்ணீர் தேங்கும் இடம், ஆகவே விலை கூடின பொருள். பண்ணைக்காரரின் வீட்டுக்கு முழுக்கவே சிலேட்டு. யார் வீடு, எது தொழுவம் என்பதைத் தூரத்திலிருந்தே கூரை சொல்லிவிடும்.

மூன்றாவது ஒரு கூரையும் இருக்கிறது. வண்டிப்பாதை ஓரத்தில் தாழ்வான, ஒரே வரிசை வீடுகள். ஹைண்ட் எனப்பட்ட உழவர் குடும்பங்கள் இருந்த இடம். கூலியில் பெரும்பகுதி ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, ஒரு பசு மேய்க்கும் உரிமை என்று பொருளாகவே வந்தது. அதற்கும் மேல், வீடு வேண்டுமென்றால் வயல்வேலைக்கு ஒரு பெண்ணையும் அவர்களே கொடுக்கவேண்டும். மகளோ தங்கையோ இல்லாவிட்டால் கூலிக்கு ஒருத்தியை வைத்து, தங்கள் ஓரறை வீட்டிலேயே படுக்க இடம் கொடுக்கவேண்டும். அந்தப் பெண்களை பாண்டேஜர் என்றார்கள். டர்னிப் வயலில் உறைபனியில் குனிந்து நின்றவர்கள் அவர்கள்.

இதைச் சொல்லாமல் இந்தக் கட்டடங்களின் அழகை மட்டும் பேச என்னால் முடியாது. 18ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் இந்த நிலத்தில் பல குடும்பங்கள் பட்டை பட்டையாகப் பங்கிட்டு உழுத சிறு குடியிருப்புகள் இருந்தன. 1723இல் விவசாய மேம்பாட்டுக்கு என்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆர்மிஸ்டன் ஜான் கோபர்ன் போன்ற நிலக்காரர்கள் நீண்ட குத்தகை கொடுத்து, வேலி அடைத்து, நிலத்தைச் சீர்செய்தார்கள். கோபர்ன் அந்தச் செலவிலேயே கடனாளியாகித் தன் நிலத்தை விற்கவும் நேர்ந்தது. விளைச்சல் கூடியது, ஐரோப்பாவே பார்க்க வந்தது. கீழ்க்குடிகள் தங்கள் பட்டை நிலத்தை இழந்து கூலிகளானார்கள், நகரத்துக்கும் கடல் கடந்தும் போனார்கள். இந்த அழகான சதுர முற்றம் அவர்கள் குடிசைகள் இருந்த மண்ணில் எழுந்தது. 1832இல் இந்தப் பக்கம் வந்த ஆங்கில எழுத்தாளர் வில்லியம் காபெட், புகைபோக்கி வைத்த இப்பண்ணைகளைத் தொழிற்சாலைகளாகவே பார்த்தார். வேலையாட்களை வைத்திருந்த நிலையைக் கண்டு கோபத்தோடு எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. கொத்தனாரின் மூலைக்கல்லும் நிஜம்தான். எனக்கு இரண்டில் ஒன்றை விடத் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குமேல் அவர் தன் ஜீப்பில் விட்டிஞ்சம் பக்கம் அழைத்துப் போனார். நான்தான் கேட்டேன், அந்தப் பெயரில் எனக்குத் தனி அக்கறை இருந்தது. விட்டிஞ்சம் எஸ்டேட்டை 1817இல் வாங்கிய ஜேம்ஸ் பல்ஃபர், இளவயதில் மதராஸுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராகப் போனவர். பிற்பாடு இந்தியக் கடற்பகுதியில் நின்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தம் எடுத்து, சுமார் 3 லட்சம் பவுண்டோடு ஊர் திரும்பினார். அதில்தான் இந்த நிலமும், ராபர்ட் ஸ்மர்க் வடிவமைத்த மாளிகையும். அவருடைய பேரன்தான் 1902இல் பிரதமரான ஆர்தர் பல்ஃபர். எஸ்டேட்டைச் சேர்ந்த பேப்பிள் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பம் எழுப்பிய பெரிய மாதிரி ஸ்டெடிங் ஒன்று இருக்கிறது. இப்போது அதைச் சீர்செய்து விவசாய மரபைக் காட்டும் இடமாகவும் தங்கும் விடுதியாகவும் ஆக்கியிருக்கிறார்கள். மதராஸில் தொடங்கிய ஒரு சம்பாத்தியம் ஸ்காட்லாந்தின் வயலில் வடிகாலாகவும் கல்சுவராகவும் இறங்கியிருப்பதை, சென்னைக்காரனாகிய நான் ரொம்ப நேரம் வேலியோரம் நின்று பார்த்தேன்.

விட்டிஞ்சமுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஸ்காட்லாந்தின் முதல் கம்பைன் அறுவடை இயந்திரம் 1932இல் ஓடியது இந்த எஸ்டேட்டு வயலில்தான். கிளேட்டன் நிறுவனத்துத் தயாரிப்பு. வயலிலேயே அறுத்து, வயலிலேயே அடித்து, மணியை மட்டும் கொண்டுவந்து கொட்டியது. அதற்கப்புறம் கதிரடிப்புக் கூடம் எதற்கு? போர் மேடு எதற்கு? டிராக்டர் வந்தது, லாயம் காலியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் வண்டி வளைவுகளுக்குள் நுழையும் அளவில் எந்த இயந்திரமும் இல்லை என்றாகிவிட்டது. ஸ்டெடிங்கை உருவாக்கிய இயந்திரம் பிறந்த பட்டறைக்கும், அதை வெறுமையாக்கிய இயந்திரம் முதலில் ஓடிய வயலுக்கும் இடையே சில மைல் தூரம்தான். ஒன்றரை நூற்றாண்டு வாழ்க்கை அந்தச் சில மைலுக்குள் முடிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் இரண்டு ஸ்டெடிங்குகளைக் காட்டினார். இரண்டும் வீடுகளாகிவிட்டன. வண்டி வளைவுகளில் முகப்போடு ஒட்டிக் கண்ணாடி, கூரை முழுக்க வெளிச்ச ஜன்னல்கள், மாட்டு முற்றத்தில் கார் நிறுத்தம். கூரை இடிந்து கல் களவுபோவதற்கு இது எவ்வளவோ மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் வளைவின் ஆழமான நிழல் போய்விட்டால், அங்கே வண்டி நின்றது என்பதைக் கட்டடம் இனி யாருக்கும் சொல்லாது. காற்றுப் பிளவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டால், உள்ளே மூச்சு விட்ட உயிர்கள் இருந்தன என்பதும் மறைந்துவிடும்.

"உங்களுடையது?" என்று கேட்டேன்.

"மாட்டு முற்றத்துச் சிறகு ரெண்டும் வீடாகப் போகிறது. வேறு வழியில்லை, பழைய கட்டடத்தால் எனக்கு ஒரு பைசா வருமானம் இல்லை, தானியமெல்லாம் அந்த இரும்புக் கொட்டகையில்தான். கண்ணாடியைத் தூணுக்கு ஒரு கெஜம் உள்ளே தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். வளைவு வளைவாகவே தெரியவேண்டும். கதிரடிப்புக் கூடத்தையும் குதிரை மண்டபத்தையும் யாரும் தொடக்கூடாது, அது என் கணக்கு."

இடித்த ஒரு பண்ணையிலிருந்து பழைய ஓடுகளை வாங்கி, அளவு பார்த்து, லாயத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறார். மண்டபத்துக் கூம்பை முதலில் வேய்வார்கள். ஏப்ரலில்தான் வேலை தொடங்கும். சுண்ணாம்புக் காரை காய்வதற்குமுன் உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும்.